நடிகையிடம் வேரைக் கேட்காதீர்கள்

அயல்நாட்டுத் திரையில் தமிழ்ப் பெயருள்ள ஒரு பெண் முகம் தெரிந்தால் போதும், நம் ஆட்களுக்கு இருப்புக் கொள்ளாது. "நம்ம பொண்ணுப்பா" என்று ஒரு பதிவு வரும். அடுத்த நாள் யாராவது அவருடைய பழைய பேட்டியைத் தோண்டி எடுத்து, பாட்டி வைத்த ரசத்தைப் பற்றி அவர் பேசிய இருபது நொடியை மட்டும் வெட்டி ஒட்டுவார்கள். மேலே தலைப்பு: 'வேரை மறக்காத நடிகை.' அவர் எப்படி நடித்தார், அந்த வேடம் எப்படி எழுதப்பட்டது என்று ஒரு வரி இருக்காது. ரசம் இருக்கும்.

இந்தக் கொண்டாட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்கள் மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கைதட்டுகிற நம் மீதுதான். நடிகையின் வேர் என்று நாம் எதைச் சொல்கிறோம், அந்த வேரை நம் ஊரில் என்ன பண்ணி வைத்திருக்கிறோம் என்று ஒருமுறையாவது கேட்டுப் பார்த்திருந்தால் இவ்வளவு கூச்சமில்லாமல் தட்டியிருக்க மாட்டோம்.

சிமோன் ஆஷ்லியை எடுத்துக்கொள்வோம். 1995இல் இங்கிலாந்தின் சர்ரேயில் பிறந்தவர். பிறப்புப் பெயர் சிமோன் அஷ்வினி பிள்ளை, தமிழ் வழிப் பெற்றோர். 'செக்ஸ் எஜுகேஷன்' தொடரில் சின்ன வேடத்தில் தெரிந்தவர், 2022 மார்ச்சில் வந்த 'பிரிட்ஜர்ட்டன்' இரண்டாம் சீசனில் நாயகியானார். ஜூலியா குவின் எழுதிய மூல நாவலில் அந்த நாயகி கேட் ஷெஃபீல்ட் என்கிற வெள்ளைக்காரி. தொடரில் கேட் ஷர்மா. தங்கை எட்வினாவாக நடித்த சரித்ரா சந்திரனும் தமிழ்க் குடும்பத்துப் பெண்தான், ஸ்காட்லாந்தின் பெர்த்தில் பிறந்தவர்.

இரண்டு தமிழ்ப் பெண்கள் கையில் கிடைத்தும் என்ன செய்தார்கள்? குடும்பப் பெயர் ஷர்மா. ஊர் பம்பாய். அப்பாவை 'அப்பா' என்கிறார்கள். அக்காவுக்கு 'தீதி'. தங்கைக்கு வங்காளத்தில் 'போன்'. படித்தது மராத்தியும் இந்துஸ்தானியும். கல்யாணத்துக்கு முன்னால் மஞ்சள் பூசுகிறார்கள், பின்னணியில் 'கபி குஷி கபி கம்' பாட்டு வயலினில் ஓடுகிறது. இந்தக் குடும்பம் ரேஷன் கார்டு வாங்கப் போனால் எந்த மாநிலத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா தங்கைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற காட்சி வந்தபோது இங்கே பல பேர் உருகிப்போனார்கள். எங்கள் ஒகேனக்கலில் எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள் பாறைக்குப் பாறை உட்கார்ந்திருக்கிறார்கள். அதைக் கலாச்சாரம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்றை மறுக்க முடியாது. அந்தத் தொடரில் ஒரு கறுத்த பெண்ணை ஒரு பிரபு பைத்தியமாகக் காதலிக்கிறான். அவள் நிறத்தை வைத்து ஒரு காமெடி இல்லை, அவளை வெளுக்க வைக்க ஒரு முயற்சி இல்லை. தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. சிமோன் அதைப் பற்றிப் பேசும்போது நான் கவனித்துக் கேட்பேன். ஆனால் நம் தலைப்புக்காரர்களுக்கு அது வேண்டாம். அவர்களுக்கு எண்ணெய்தான் வேண்டும்.

மைத்ரேயி ராமகிருஷ்ணன் கதை இன்னும் கொஞ்சம் வலிக்கிற கதை. கனடாவின் மிசிசாகாவில் பிறந்தவர். பெற்றோர் போரினால் ஈழத்திலிருந்து அகதியாகப் போனவர்கள். 2019இல் மிண்டி கேலிங் ட்விட்டரில் விட்ட திறந்த அழைப்புக்கு 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். அதிலிருந்து, அதுவரை கேமராவுக்கு முன்னால் தொழிலாக நின்றே இராத ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை எடுத்தார்கள். 'நெவர் ஹேவ் ஐ எவர்' 2020 ஏப்ரலில் வந்தது, நான்கு சீசன் ஓடி 2023இல் முடிந்தது. அதில் அவர் தேவி விஸ்வகுமார், இந்தியாவிலிருந்து போன ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். விநாயகர் சதுர்த்திக்கு அந்த வீட்டில் 'கணேஷ் பூஜா' என்று பெயர். வீட்டில் 'கண்ணா' என்று கூப்பிடுவது ஒன்றுதான் அவ்வப்போது நம் காதில் விழும். தன்னைத் தமிழ்க் கனடியர் என்றே சொல்லிக்கொள்கிற ஒரு பெண், தன் வீடு எப்படி அந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது என்கிற கதையை வெளியே வைத்துவிட்டுத்தான் நாயகியாக உள்ளே வர முடிந்தது. வேடம் என்றால் வேடம்தானே, அதில் தப்பில்லை, நன்றாகவும் நடித்தார். ஆனால் அந்தத் தொடரைக் காட்டி 'வேர்' என்று பேசுகிறவர்கள் எந்த வேரைச் சொல்கிறார்கள்? பிடுங்கப்பட்டதையா, செட்டில் நட்டதையா?

அயல்நாட்டுக்காரன் பட்டையும் மஞ்சளும் புடவையும் கலந்து 'கல்ச்சர்' என்று விற்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, அவன் வியாபாரம் அது. நாமும் அதையே வேர் என்று நம்புவதுதான் சிக்கல். ஒரு நடிகைக்கு வேர் ரசத்தில் இல்லை. அவளுக்கு முன்னால் அவள் மண்ணில் மேடை ஏறிய பெண்கள்தான் வேர். அவர்களை என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. அதற்கு லண்டனும் டொராண்டோவும் போக வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்துக்கு வந்தால் போதும்.

நான் பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரி. தர்மபுரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும்: வறட்சி, பெண் சிசுக்கொலை, சின்ன வயசுக் கல்யாணம், சாதிக் கலவரம், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற பஸ். எல்லாம் உண்மைதான். ஆனால் இது பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனோடு பேர் சேர்த்துச் சொல்லப்படுகிறவள் ஒரு ராணி அல்ல, பாடிப் பிழைத்த ஒரு பெண். ஔவை.

புறநானூற்றில் இருக்கிற ஔவையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு பாட்டில் பகை மன்னன் ஒரு விறலியைப் பார்த்து உங்கள் நாட்டில் சண்டைக்கு ஆள் இருக்கிறார்களா என்கிறான். அவள் கூசாமல் பதில் சொல்கிறாள். விறலி என்றால் ஆடவும் பாடவும் தெரிந்தவள், உணர்ச்சியை உடம்பில் கொண்டுவந்து காட்டுகிறவள். இன்றைய சொல்லில் நடிகை. ஔவையே விறலியா, விறலியின் குரலில் பாடியவளா என்று புலவர்கள் வாதாடிக்கொள்ளட்டும். இன்னொரு பாட்டில் அவள் தூது போய், தொண்டைமானின் பளபளக்கிற ஆயுதங்களைப் பாராட்டுகிற மாதிரிப் பேசி, எங்கள் ஆளுடையது முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று சொல்லி அவன் மூக்கை உடைக்கிறாள். அதியமான் செத்தபிறகு அவள் அழுகிற பாட்டில் முதலில் வருவது கள். கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுப்பான், நிறைய இருந்தால் நாங்கள் குடித்துப் பாட அவனும் சேர்ந்து மகிழ்வான் என்கிறாள். இப்படி ஒருத்தி. ராஜாவோடு உட்கார்ந்து கள் குடித்தவள், அவனுக்காக அரசியல் பேசியவள், தொழில் தெரிந்தவள். அவளுக்கு என்ன வயது என்று அந்தப் பாட்டுகள் நம்மிடம் சொல்லவில்லை.

நாம் அவளைக் கிழவியாக்கினோம். பின்னால் வந்த வேறு ஔவைகளையும் அவளோடு சேர்த்துக் குழைத்து, கையில் கோலைக் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, ஆத்திசூடி சொல்ல வைத்தோம். 1953இல் ஜெமினியில் எஸ்.எஸ். வாசன் 'ஔவையார்' எடுத்தபோது அந்த உருவம் முடிந்த முடிவாகிவிட்டது. எங்கள் அதியமான்கோட்டையில் மன்னனுக்குக் கோட்டம் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் நெல்லிக்கனி நாடகம் வருஷா வருஷம் போடுகிறோம். பெண்கள் பள்ளியில் அதியமான் வேடத்துக்கு உயரமான பெண்ணாகப் பார்ப்பார்கள். எட்டாம் வகுப்பில் நான்தான் அதியமான். ஔவை வேடம் போட்டவள் தலைக்குக் கோலமாவு கொட்டி நரையாக்கினார்கள். கள் கதையை எங்கள் தமிழம்மா சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவருக்கு மெமோ வந்திருக்கும்.

எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற வீடும் உண்டு, கன்னடம் பேசுகிற வீடும் உண்டு. அங்கே பாட்டியை 'அவ்வா' என்பார்கள். ஔவையும் அதே சொல்தான். கிழவி ஆனது சொல்லின் குற்றமில்லை. மேடையில் நிற்கிற பெண்ணைப் பார்த்தால் நமக்குப் பயம். கிழவியாக, சாமியாக, அம்மாவாக வந்தால் மட்டும் பயம் தெளிகிறது.

அந்தப் படத்தில் ஔவையாக நடித்தவரின் வாழ்க்கையும் இதே கதையைத்தான் சொல்கிறது. கே.பி. சுந்தராம்பாள், கொடுமுடிக்காரர். ரயிலில் பாடித் திரிந்த பிள்ளை, நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்தவர். எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் செத்தபோது அம்மாவுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைப் புடவை கட்டினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்து ஒரு லட்சம். வந்தார். எந்த வேடத்தில்? நந்தனாராக, ஆணாக. அதற்குப் பிறகு ஔவையாக, கவுந்தியடிகளாக. தமிழ் மேடையின் மிகப் பெரிய நடிகை இருபத்தைந்து வயதுக்குப் பிறகு ஒரு பெண்ணாக, ஆசை உள்ள பெண்ணாகத் திரையில் நிற்கவே இல்லை. அது அவர் எடுத்த முடிவு, மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவுக்குக் கோயில் கட்டாத குறையாகக் கும்பிட்ட சமூகத்தை நான் மதிக்க வேண்டியதில்லை.

இப்போது கூத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதக் கூத்து. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்க ஆட்டம், கடைசி நாள் மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம். நான் உலகத்தில் பார்த்த நடிப்பிலேயே ஆகச் சிறந்த நடிப்பு துகிலுரிதல் ராத்திரியில் பார்த்ததுதான். அரிதாரம் வழிய, குரல் கிழிய, திரௌபதி சபையைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். கேள்வி கேட்கிற அந்தத் திரௌபதி ஒரு ஆம்பளை. சுபத்திரையும் ஆம்பளை, குந்தியும் ஆம்பளை. பெண் வேடம் கட்டுகிற அந்தக் கலைஞர்களின் திறமையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, ஊர்க்காரர்களின் கிண்டலைத் தாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் அவர்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விறலியைப் பாடிய மண்ணில், ஒரு பெண்ணின் கேள்வியைக் கேட்க ஒரு பெண்ணுக்கு மேடை இல்லை என்பதை நாம் 'பாரம்பரியம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்துப் படித்தார்கள், ஆடினார்கள். அதனால் பாரதம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முடியும் என்பதற்கு அது போதும்.

பெண் மேடை ஏறுவது நம் வழக்கத்திலேயே கிடையாது என்று சொல்வதும் பொய். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகத்துக்கு வருகிற கூட்டத்துக்காகத் தனி ரயில் விட்டார்கள், அதற்குப் பேரே 'பாலாமணி ஸ்பெஷல்'. திருவையாற்றில் பிறந்த டி.பி. ராஜலட்சுமி சின்னப் பிள்ளையிலேயே கல்யாணம் செய்து வைக்கப்பட்டு, அது முறிந்து, நாடகத்துக்கு வந்தவர். 1931இல் 'காளிதாஸ்' படத்தின் நாயகி. 1936இல் 'மிஸ் கமலா' எடுத்து இயக்குநரும் ஆனார். 'காளிதாஸ்' பற்றி ஒரு தகவலை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் படத்தில் நாயகி பேசியது தமிழ். நாயகன் பேசியது தெலுங்கு. தமிழ் பேசும் படத்தின் முதல் நாயகி தன் குரலில் தமிழ் பேசினாள், ஆம்பளைக்குத்தான் தமிழ் வரவில்லை. அங்கே தொடங்கிய நாம் இப்போது எங்கே வந்து நிற்கிறோம்?

இப்போது நாயகிக்கு முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது. பட்டியல் போட வேண்டாம், ஒரே ஒரு உதாரணம். 2018 அக்டோபரில் '96' வந்தது. ஜானுவின் குரலில் தமிழ்நாடே கரைந்தது. திரையில் த்ரிஷா, குரல் சின்மயி. அதே மாதத்தில் சின்மயி தன் சொந்தக் குரலில் மீ டூ புகார்களைப் பேசத் தொடங்கினார். நவம்பரில் டப்பிங் சங்கம் அவரை நீக்கியது. சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். ஜானுவின் குரலுக்கு அழுத அதே ஆட்கள் அந்தக் குரலின் சொந்தக்காரியைக் கெட்ட வார்த்தையில் திட்டியதை நான் என் கண்ணால் படித்தேன். குரல் வேண்டும், குரலோடு வருகிற ஆள் வேண்டாம்.

ரவீனா ரவியைப் பாருங்கள். ஷங்கரின் 'ஐ' படத்தில் எமி ஜாக்சனுக்குத் தமிழ் கொடுத்தவர். அம்மா ஸ்ரீஜா ரவியும் பின்னணிக் குரல் கலைஞர்தான். 2023இல் 'மாமன்னன்' படத்தில் ரவீனாவுக்கே ஒரு வேடம் கிடைத்தது. வில்லனின் மனைவி. கிட்டத்தட்ட வசனமே கிடையாது. ஊருக்கெல்லாம் பேசியவரின் வாயை மூடி முகத்தை மட்டும் காட்டினார்கள். கதைக்கு அது தேவைப்பட்டிருக்கலாம், ஆணவத்தின் வீட்டில் பெண் எப்படி இருப்பாள் என்பதற்கு நல்ல சித்திரமும்கூட. ஆனாலும் எனக்கு அது அந்தப் படத்தை மட்டும் பற்றிய காட்சியாகத் தெரியவில்லை.

இங்கே என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சில வருஷம் முன்பு சென்னையில் ஒரு படத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். கதை எங்கள் பக்கத்துக் கதை, "நேட்டிவிட்டி வேணும்" என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். இரண்டு காட்சி பேசிக் காட்டினேன். எதிரில் இருந்தவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "சூப்பரா பேசறீங்க. ஒண்ணு பண்ணலாமா, ஹீரோயினுக்கு இந்த ஸ்லாங் சொல்லிக்குடுக்கறீங்களா?" என்றார். நாள் சம்பளம், சாப்பாடு, தங்க இடம். பதினொரு நாள் போனேன். நாயகி மும்பைப் பெண், நல்ல உழைப்பாளி. வசனத்தைத் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொண்டு ராத்திரி வரை சொல்லிப் பார்ப்பார். "திதி, 'போவுது'வா 'போகுது'வா?" என்று என்னிடம் கேட்பார். அவர் மேல் எனக்கு இன்றும் அன்புதான். படம் வந்தபோது அந்தக் குரல் அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. மூன்றாவதாக ஒருத்தி, மதுரைத் தமிழ் பேசினாள். கிராமம் என்றால் மதுரை என்று யாரோ ஸ்டூடியோவில் முடிவு செய்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம். முதல் பதில், மார்க்கெட். நாலு மொழியில் விற்கணும், எல்லா மொழிக்கும் தெரிந்த முகம் வேணும் என்பார்கள். நாயகன் எத்தனை மொழிக்குத் தெரிந்த முகம் என்று இந்தக் கணக்கில் யாரும் கேட்பதில்லை. அவன் மதுரைக்காரனாகவோ வடசென்னைக்காரனாகவோ தன் தொண்டையில் தன் தமிழைப் பேசலாம், அது 'ராவா' இருக்கும். பெண்ணுக்கு மட்டும் மார்க்கெட் வந்து வாயைப் பொத்துகிறது. ஐஸ்வர்யா ராஜேஷ் ஒரு டெட்எக்ஸ் மேடையில் நின்று, நிறத்தையும் தமிழ் பேசுவதையும் காட்டித் தன்னை எப்படி ஒதுக்கினார்கள் என்று சொன்னதை இங்கே லட்சக்கணக்கான பேர் பகிர்ந்தார்கள். 'காக்கா முட்டை' அம்மா வேடத்தைச் சின்ன வயதில் ஏற்று நடித்துத்தான் அவர் தன் இடத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. பகிர்ந்தவர்கள் அடுத்த வாரம் எந்தப் படத்துக்கு வரிசையில் நின்றார்கள் என்பது வேறு கதை.

இரண்டாவது பதில் எனக்கு ஆதரவு போல வரும், அதுதான் ஆபத்தானது. "கரெக்ட்டா சொன்னீங்க தோழர், தமிழச்சிக்குத்தான் வாய்ப்புக் குடுக்கணும்." வேண்டாம் சாமி. ரத்தப் பரிசோதனை செய்கிற கூட்டத்தில் எனக்கு வேலை இல்லை. சரோஜாதேவி கன்னடத்துக்காரர், சாவித்திரி தெலுங்குக்காரர், தங்கள் வாயால் தமிழ் பேசித்தான் நம் வீட்டுப் பெண்களானார்கள். சரோஜாதேவியின் கன்னடம் ஒட்டிய அந்தக் கொஞ்சலை நாம் குறையாகவா பார்த்தோம்? எங்கள் மாவட்டத்தில் ரத்தம் பார்க்க ஆரம்பித்தால் பாதித் தெரு வெளியே நிற்கும். 2012இல் ரத்தம் பார்த்த ஊர் என்ன ஆனது என்று நாயக்கன்கொட்டாய்க்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் கேட்பது எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் அவளுக்குப் பேச வாய் கொடு, நடிக்க வேடம் கொடு என்பதைத்தான்.

எமி ஜாக்சனையும் சிமோன் ஆஷ்லியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் மான் தீவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண். 'மதராசபட்டினம்' 2010இல் வந்தது, அங்கே வெள்ளைக்காரி வேடம், பொருத்தம். ஆனால் அதோடு நிற்கவில்லை. 'ஐ', 'தெறி', '2.0' என்று இரவல் குரலில் நம் நாயகியாக இருந்தார். இன்னொருவர் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த கறுத்த பெண். அவருக்குக் கோடம்பாக்கத்தில் கதவு இருந்திருக்குமா? சிமோனோ மைத்ரேயியோ சரித்ராவோ இதுவரை ஒரு தமிழ்ப்படத்தில் நடித்ததில்லை. மொழி சரளமாக வராது என்று சொல்லாதீர்கள், மொழி வராதது இங்கே என்றைக்குத் தடையாக இருந்தது?

போர்ச்சுகல்காரர்கள் வேறு மாதிரி. டேனியேலா ருவா என்று ஒரு போர்த்துகீசிய அமெரிக்க நடிகை. பாஸ்டனில் பிறந்து, சின்ன வயதில் போர்ச்சுகலுக்குப் போனவர். பதினாறு வயதில் அங்கேயே போர்த்துகீசியத் தொடரில் நடிக்க ஆரம்பித்தார். பிறகுதான் ஹாலிவுட் போய் 'என்சிஐஎஸ்: லாஸ் ஏஞ்சல்ஸ்' தொடரில் 2009 முதல் 2023 வரை கென்சி பிளையாக இருந்தார். 2018இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டி லிஸ்பனில் நடந்தபோது அதைத் தொகுத்து வழங்கிய நான்கு பெண்களில் அவரும் ஒருவர். அவர் தன் வேரைப் பற்றிப் பேசினால் அதில் ஒரு தொழில் இருக்கிறது, முதல் சம்பளம் இருக்கிறது, அந்த மொழியில் சொன்ன வசனம் இருக்கிறது. நம் பெண்களுக்கு நாம் கொடுத்தது என்ன? ஒரு ஹார்ட் எமோஜி.

இதை வைத்து எனக்குத் தோன்றுகிற ஒரு விஷயம் உங்களில் பலருக்குக் கசக்கும். மைத்ரேயியும் சிமோனும் நடிகைகள் ஆனது வேரைப் பிடித்துக்கொண்டதால் இல்லை. அந்த வேரின் ஒரு பகுதி அவர்களை எட்டாத தூரத்தில் வளர்ந்ததால். 'கூத்தாடிச்சி' என்று தெருவில் கூப்பிடுகிற குரல் மிசிசாகாவரை போயிருக்காது, அல்லது போகிற வழியில் இளைத்துப்போயிருக்கும். இங்கே பத்தாவது படிக்கிற பெண் ரீல்ஸ் போட்டாள் என்று போனைப் பிடுங்கி உடைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அடுத்த தை மாதத்துக்குள் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். போனை உடைத்த அதே அண்ணன்தான் "நம்ம பொண்ணு நெட்ஃபிளிக்ஸ்ல" என்று ஸ்டேட்டஸ் வைக்கிறான். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் பெருமை, எட்டாவது வீட்டில் இருந்தால் மானம் போகிறது.

தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது, வர வேண்டியது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பொட்டுக்கட்டுவதை ஒழித்த கையோடு, தலைமுறை தலைமுறையாக ஆட்டமும் பாட்டும் அபிநயமும் தெரிந்த பெண்களையும் மேடையைவிட்டு இறக்கிவிட்டு, அந்த மேடையில் வேறு வீட்டுப் பெண்களை ஏற்றி 'பாரம்பரியக் கலை' என்று பேர் வைத்தோம். இறக்கிவிடப்பட்டவர்களின் பேத்திகள் இன்று பாட்டியின் பேரைச் சொல்லவே யோசிக்கிறார்கள். நடிகையிடம் வேர் கேட்கிறவர்கள் முதலில் அந்தப் பேத்திகளிடம் போய்க் கேட்கட்டும். கதவு திறக்கிறதா பார்ப்போம்.

ஆகவே அடுத்த முறை லண்டனிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ ஒரு தமிழ்ப் பெண் பெரிய வேடத்தில் வந்தால், தயவுசெய்து அவரிடம் ரசத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த வேடம் எப்படி எழுதப்பட்டது, எதை மாற்றச் சொன்னார், எதை மாற்ற விடவில்லை, எவ்வளவு சம்பளம் என்று கேளுங்கள். ஆம்பளை நடிகனிடம் கேட்பதைக் கேளுங்கள். வேரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால் அதற்கு இங்கேயே ஆள் இருக்கிறார்கள்.

சித்திரையில் எங்கள் பக்கத்து ஊரில் கூத்து நடந்தது. துகிலுரிதல் ராத்திரி. பின்பாட்டுக்காரருக்குக் காய்ச்சல், குரல் எழும்பவில்லை. கூத்து வாத்தியாரின் பேத்தி, பிளஸ் டூ முடித்த பெண், தாத்தா வீட்டில் கேட்டுக் கேட்டே மொத்தப் பாட்டும் தெரிந்தவள். "திரைக்குப் பின்னாடி உக்காந்து பாடு, முன்னாடி வராத" என்று உட்கார வைத்தார்கள். மூன்று மணி வரை பாடினாள். திரௌபதி வேடம் கட்டியவருக்கு ஓரிடத்தில் அடி மறந்துவிட்டது. அவள் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தாள், அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். ஜமக்காளத்தில் என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா "யார்றி அது, தொண்ட இப்பிடி இருக்குது" என்று எட்டி எட்டிப் பார்த்தார். விடிந்ததும் வாத்தியாருக்குத் துண்டு போர்த்தினார்கள், திரௌபதியின் ரவிக்கையில் நூறு ரூபாய் நோட்டைக் குத்தினார்கள். பேத்தி எங்கே என்று நான் கேட்டேன். டீ வாங்கத் தூக்குவாளியோடு போயிருக்கிறாள் என்றார்கள்.